ஆய்வுகூடச் சொற்களும் எங்கள் பிள்ளைகளும்

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சித்திரைப் புத்தாண்டு வருகிற நேரத்தில் பலகாரத்தையும் பட்டுச்சேலையையும் விட்டுவிட்டுச் சோதனைக்குழாயைப் பற்றி ஏன் கதைக்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். மாசி மாதத்தில் பிள்ளைகளின் அரையாண்டுப் புள்ளி அறிக்கை வந்த பிறகு, சங்கத்துக்கு வந்த தாய் தகப்பன்மாரில் பலர் கேட்டது ஒரே கேள்வியைத்தான். "ஊரிலை எட்டாம் வகுப்பு மட்டும் விஞ்ஞானத்திலை கெட்டிக்காரன். இஞ்சை வந்து கெமியிலை அஞ்சு வாங்கிக்கொண்டு நிக்கிறான். இவனுக்கு என்ன நடந்தது?"

ஜேர்மனியில் ஒன்று என்றால் திறம், அஞ்சு என்றால் சித்தியில்லை. ஆனபடியால் தாய் தகப்பனின் கவலை நியாயமான கவலை.

பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் "ஒரு திறைஃபூஸ் எடுத்துக்கொண்டு வா" என்கிறார். பிள்ளை அசையாமல் நிற்கிறது. பத்து அடி தூரத்தில் அலுமாரியில் முக்காலி இருக்கிறது. அந்த முக்காலியின் மேலே கம்பிவலையை வைத்து, அதன் மேலே முகவையை வைத்து, கீழே சுடரடுப்பை வைத்துத் தண்ணீர் கொதிக்க வைக்கிற படத்தை ஊரில் பத்துத்தரம் கீறிய பிள்ளை அது. பொருள் தெரியும், செய்முறை தெரியும். இந்த ஊரில் அதற்கு வைத்த பெயர் மட்டும் தெரியாது. ஆசிரியர் தன் கொப்பியில் "வகுப்பில் பங்குபற்றுவதில்லை" என்று குறிக்கிறார். இங்கே வகுப்பில் வாய் திறந்து கதைப்பதற்கும் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி போய்விடுகிறது.

இங்கேயே பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு டொச்ப் பெயர் தெரியும். வீட்டில் வந்து அதைப் பற்றி ஒரு வசனம் கதைக்கத் தமிழ் வராது. தாய் தகப்பனும் "எனக்கு டொச் விளங்காது, நீயே படி" என்று விலகிவிடுகிறார்கள். அதோடு பிள்ளையின் படிப்பு வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறது.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். பெயர் தெரியாமை அறியாமை அல்ல. ஆனால் பெயர் தெரியாவிட்டால் புள்ளியும் போகும், சில வேளைகளில் கண்ணும் போகும். ஆகவே பெயர்களைப் பொருளோடு சேர்த்துப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். விஞ்ஞானம் செய்கிற முறையை டொச் தெரியாத தாயும் தகப்பனும் தமிழிலேயே வீட்டில் பழக்கலாம்.

குசினிக்குள் இருக்கிற டொச்

டொச் மொழியில் எங்களுக்கு வசதியான ஒரு குணம் இருக்கிறது. ஆங்கிலம் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கடன் வாங்குகிற பல இடங்களில், டொச் தன் வீட்டுச் சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் புதுச்சொல் செய்துகொள்ளும். தமிழும் அப்படித்தான். மூன்று கால் உள்ளது முக்காலி. டொச்சில் திறை என்றால் மூன்று, ஃபூஸ் என்றால் கால். திறைஃபூஸ் என்பது சொல்லுக்குச் சொல் எங்கட முக்காலிதான். இதை ஒருக்கால் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் பிறகு மறக்காது.

மற்றப் பெயர்களையும் பாருங்கள். கடையில் தயிர் வாங்குகிற கோப்பைக்கு பெஹர் என்று பெயர். பெஹர்கிளாஸ் என்றால் கண்ணாடிக் கோப்பை, அதாவது எங்கள் முகவை. மெஸ்ஸன் என்றால் அளத்தல். குசினியில் மாவும் பாலும் அளக்கிற பாத்திரம் மெஸ்பெஹர். ஆய்வுகூடத்தில் திரவம் அளக்கிற உயரமான அளவுச்சாடி மெஸ்சிலிண்டர். மரக்கறிக் கடையில் இருக்கிற தராசு வாகெ, ஆய்வுகூடத்திலும் அதே வாகெ. போத்தலுக்குள் எண்ணெய் விடுகிற புனல் திரிஹ்டர், ஆய்வுகூடத்திலும் அதே திரிஹ்டர். இஞ்சி உள்ளி இடிக்கிற சின்ன உரல் மோர்சர். இறைச்சி வாட்டும்போது பிரட்டுகிற இடுக்கி ட்சாங்கெ. றெஸ்ரோறண்ட் குசினிகளில் வருடக்கணக்காக வேலை செய்கிற எங்கட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். தங்களுக்குத் தெரிந்தது விஞ்ஞானச் சொல் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

சில சொற்களில் கவனம் வேண்டும். கொல்பன் என்றால் குடுவை. ஆனால் மைஸ்கொல்பன் என்றால் சோளப்பொத்தி. கார் எஞ்சினின் பிஸ்டனுக்கும் கொல்பன் என்றுதான் பெயர். கைத்தொலைபேசியில் அந்தச் சொல்லை மட்டும் தட்டி மொழிபெயர்த்தால், ஆய்வுகூடத்துக்குள் கார் எஞ்சின் எப்படி வந்தது என்று பிள்ளை முழிக்கும். இதனால்தான் பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் பாடமாக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

இன்னொன்று. டொச்சில் ஒவ்வொரு பொருளுக்கும் டெர், டீ, டாஸ் என்று முன்னால் ஒன்று நிற்கும். டாஸ் பெஹர்கிளாஸ், டெர் திரிஹ்டர், டீ வாகெ. எழுத்தில் இதைப் பிழையாக எழுதுகிற பிள்ளையின் விஞ்ஞானமும் பிழை என்று வாசிக்கிறவருக்கு ஒரு எண்ணம் வந்துவிடும். ஆகவே தொடக்கத்திலேயே அதையும் சேர்த்தே பழகிவிடுவது நல்லது.

குசினியும் ஆய்வுகூடமும் தூரத்து உறவு இல்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. திறெஸ்டன் நகரத்தில் மெலிற்றா பென்ற்ஸ் என்றொரு குடும்பப் பெண் இருந்தார். கோப்பி மண்டி வாய்க்குள் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு உலோகப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டு, மகனின் பள்ளிக்கொப்பியில் இருந்த மையொற்றுத் தாளை வெட்டி வைத்து, அதற்கு மேலே கோப்பியை வடித்துப் பார்த்தார். 1908இல் அதைப் பதிவும் செய்தார். இன்றைக்கு எங்கள் வீடுகளில் இருக்கிற கோப்பி வடிதாள் அப்படி வந்ததுதான். ஆய்வுகூடத்தில் புனலுக்குள் மடித்து வைக்கிற வடிதாளும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பெயருக்குள் இருக்கிற மனிதர்கள்

சில கருவிகளின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் பொருள் வராது. அவை மனிதர்களின் பெயர்கள். பன்சன் சுடரடுப்பு எங்கட புத்தகங்களிலும் இருந்தது. அந்த றொபேர்ட் பன்சன் 1852 முதல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக இருந்தவர். 1855 அளவில் அங்கே கட்டிய புதிய ஆய்வுகூடத்துக்காக, கருவி செய்பவரான பீற்றர் டெஸாகாவோடு சேர்ந்து இந்த அடுப்பை உருவாக்கினார். புகையும் மஞ்சள் ஒளியும் இல்லாத அந்தச் சுடரில் உப்புகளை எரித்து நிறம் பார்த்துத்தான், பன்சனும் கிர்ஹோஃபும் 1860, 1861ஆம் ஆண்டுகளில் சீசியம், ரூபிடியம் என்ற இரண்டு புதிய மூலகங்களைக் கண்டுபிடித்தார்கள்.

கூம்புக் குடுவைக்கு இங்கே ஏர்லன்மையர்கொல்பன் என்று பெயர். எமில் ஏர்லன்மையரும் அந்தக் காலத்தில் ஹைடல்பேர்க்கில் இருந்தவர். 1860இல் அந்தக் குடுவையைப் பற்றி எழுதினார். அடி அகலம், கழுத்து ஒடுக்கம். ஆகையால் சுழற்றிக் கலக்கினாலும் வெளியே சிந்தாது. கிருமி வளர்க்கிற தட்டையான மூடிக்கிண்ணம் பெற்றிஷாலெ. அது பெர்லினில் றொபேர்ட் கொஹ்கின் உதவியாளராக இருந்த பெற்றி 1887இல் விபரித்தது.

இவர்களுக்கெல்லாம் முன்னவர் லீபிக். 1824இல், இருபத்தொரு வயதில், கீசன் நகரத்துக்குப் பேராசிரியராக வந்தார். பேராசிரியர் மேசைக்குப் பின்னால் நின்று செய்துகாட்ட, மாணவர் இருந்து பார்ப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். லீபிக் மாணவர்களின் கையிலேயே கருவியைக் கொடுத்தார். அதைப் படிக்கவென்று பல நாடுகளில் இருந்தும் மாணவர்கள் கீசனுக்கு வந்தார்கள். அவருடைய ஆய்வுகூடம் இப்போது ஒரு அருங்காட்சியகம். விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கக்கூடிய இடம்.

எங்கட பக்கத்திலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து வைத்தியம் செய்தார், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தார். அவருடைய இரசாயன நூல் 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது. ஆகவே விஞ்ஞானத்தைத் தமிழில் கதைப்பது எங்களுக்கு நேற்று வந்த பழக்கம் அல்ல. இந்த நாட்டில் வீட்டில் இருந்து அதைத் தொடர்வதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

பாதுகாப்புச் சொற்கள்

கருவிகளின் பெயரில் பிழை விட்டால் புள்ளி குறையும். பாதுகாப்புச் சொல் விளங்காவிட்டால் காயம் வரும். ஆகவே புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் கிழமையிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டியது இந்தச் சொற்களைத்தான்.

ஷுட்ஸ்பிறில்லெ என்றால் கண்ணைக் காக்கும் கண்ணாடி. போடச் சொன்னால் உடனே போட வேண்டும். கிற்றல் என்றால் ஆய்வுகூட மேலங்கி. நீளமான தலைமயிரைக் கட்ட வேண்டும். கழுத்துச் சால்வையைக் கழற்றி வைக்க வேண்டும். சொய்றெ என்றால் அமிலம். லவுகெ என்றால் காரம். பேக்கரியில் வாங்குகிற மண்ணிறத் தோல் உள்ள லவுகன்பிறெட்சலை எல்லாப் பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள். சுடுவதற்கு முன்னர் அதை ஐதான காரக் கரைசலில் தோய்த்து எடுப்பார்கள். அந்தப் பெயரில் இருக்கிற லவுகென் இந்த லவுகெதான். கடித்துச் சாப்பிட்ட சொல்லைப் பிள்ளை மறக்காது.

அமிலத்தை ஐதாக்கும்போது முதலில் தண்ணீர், பிறகுதான் அமிலம். இதை இங்கே எதுகையோடு ஒரு வாசகமாகவே பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார்கள். செறிந்த சல்பூரிக் அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால், மேலே நிற்கிற தண்ணீர் அந்தச் சூட்டில் கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். ஊரில் படிப்பித்ததும் இதுதான். விதி ஒன்று, மொழிதான் இரண்டு.

சுடரடுப்பின் காற்றுத் துளையை மூடினால் சுடர் மஞ்சளாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரியும். திறந்தால் நீலமாக, இரைச்சலோடு, மிகுந்த சூட்டோடு எரியும். வேலை செய்யாமல் நிற்கிற நேரத்தில் மஞ்சள் சுடர்தான் வேண்டும். நீலச் சுடர் வெளிச்சத்தில் சில வேளை கண்ணுக்கே தெரியாது. மணம் பார்க்க வேண்டுமானால் மூக்கை நேராகக் கொண்டு போகக் கூடாது, கையால் காற்றை மூக்குப் பக்கமாக விசிறிப் பார்க்க வேண்டும். வாயில் வைத்துப் பார்ப்பது ஒருக்காலும் இல்லை.

போத்தல்களில் உள்ள ஆபத்துக் குறிகள் முந்தி செம்மஞ்சள் சதுரத்தில் இருந்தன. இப்போது வெள்ளை நிறத்தில், சிவப்பு விளிம்போடு, முனையில் நிற்கிற சதுரமாக இருக்கின்றன. அதோடு இரண்டு எச்சரிக்கைச் சொற்கள் வரும். அக்துங் என்றால் கவனம். கெஃபார் என்றால் அதைவிடக் கடுமையான ஆபத்து. துப்புரவு வேலை செய்கிற அம்மாமார், அப்பாமார் இந்தப் போத்தல்களை ஒவ்வொரு நாளும் கையில் எடுக்கிறீர்கள். பிள்ளையை அருகில் இருத்தி அந்த லேபிளை இரண்டு பேருமாக வாசியுங்கள். குளோரின் உள்ள துப்புரவுத் திரவத்தையும் அமிலத் திரவத்தையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு வரும் என்பதை அன்றைக்கே சொல்லி வையுங்கள். இது பிள்ளைக்கும் பாடம், எங்களுக்கும் பாடம்.

மஞ்சள் கறையில் ஒரு பரிசோதனை

இனி முறைக்கு வருகிறேன். இங்கே எந்தப் பரிசோதனை செய்தாலும் ஒரு புரொட்டோகொல் எழுத வேண்டும். அதற்குப் பகுதிகள் உண்டு. கேள்வி, அதாவது ஃபிறாகெ. கருதுகோள், அதாவது ஃபெர்மூட்டுங். பொருட்கள். செய்முறை, அதாவது டுர்ஹ்ஃபூறுங். அவதானம், அதாவது பெஓபாக்டுங். கடைசியாக விளக்கம், அதாவது டொய்ட்டுங் அல்லது அவுஸ்வேர்ட்டுங். பிள்ளைகள் அதிகம் புள்ளி இழப்பது கடைசி இரண்டிலும்தான். ஏன் என்பதை எங்கட வீட்டுச் சாமான்களால் விளங்கப்படுத்துகிறேன்.

கறி சிந்திய வெள்ளைச் சேர்ட்டைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தால் மஞ்சள் கறை சிவக்கும். இது எல்லாருக்கும் தெரியும். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்த்தாலும் சிவக்கும். சரி, ஏன் சிவக்கிறது? இதுதான் கேள்வி.

பிள்ளையிடம் கேளுங்கள். "சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்" என்று சொல்லும். அது கருதுகோள். கருதுகோள் என்பது சும்மா அபிப்பிராயம் இல்லை. செய்து பார்த்தால் பிழையென்று தெரியக்கூடிய மாதிரி அதைச் சொல்ல வேண்டும்.

கோப்பி வடிதாளை மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்து, உலர்த்தி, துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டில் வெறும் தண்ணீர் இரண்டு துளி. ஒன்றில் வினாகிரி. ஒன்றில் தேசிக்காய்ப் புளி. ஒன்றில் கேர்ன்ஸைஃபெ என்று விற்கிற கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்த தண்ணீர். ஒன்றில் அப்பச்சோடாக் கரைசல், அதற்கு இங்கே நாட்றோன் என்று பெயர். எல்லாத் துண்டும் ஒரே தாள், எல்லாவற்றிலும் இரண்டு துளிதான். மாறுவது திரவம் ஒன்று மட்டுமே. இரண்டு விடயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் மாறியது என்று சொல்ல ஏலாது. வெறும் தண்ணீர் விட்ட துண்டு ஏன் என்று பிள்ளை கேட்கும். ஈரம் பட்டதால்தான் சிவந்ததோ என்ற சந்தேகத்தைத் தீர்க்கிறது அந்தத் துண்டு. அதற்குப் பெயர் கட்டுப்பாடு.

இப்போது பாருங்கள். தண்ணீர், வினாகிரி, தேசிக்காய் மூன்றிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். கட்டிச் சவர்க்காரத்தில் செம்மண்ணிறமாகும். அப்பச்சோடாவில் அதைவிடக் கொஞ்சம் மங்கலாகச் சிவக்கும். சிவந்த துண்டின் மேலே வினாகிரி விட்டால் திரும்ப மஞ்சளாகும்.

இனித்தான் முக்கியமான கட்டம். அப்பச்சோடா சவர்க்காரம் இல்லையே, அது ஏன் சிவந்தது? இன்னும் ஒன்று செய்யுங்கள். குளியலறையில் இருக்கிற திரவச் சவர்க்காரத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அவற்றில் பலவற்றுக்குக் காரத்தன்மை இல்லை. அப்படியானதில் மஞ்சள் சிவக்காது. அப்படியென்றால் "சவர்க்காரம் பட்டால் சிவக்கும்" என்ற கருதுகோள் விழுந்துவிட்டது. அதற்காகப் பிள்ளை அழத் தேவையில்லை, புள்ளியும் குறையாது. கருதுகோளைத் திருத்தி எழுத வேண்டும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற நிறப்பொருள், பாசிச்சாயத்தைப் போல ஒரு காட்டி.

இங்கே அவதானம் எது, விளக்கம் எது? "மஞ்சள் தாள் செம்மண்ணிறமாக மாறியது" என்பது அவதானம். கண்ட கண், கேட்ட காது, மணந்த மூக்கு, அளந்த கருவி சொல்வதை மட்டும் அங்கே எழுதலாம். "கரைசலில் காரம் இருக்கிறது" என்பதைக் கண் காணவில்லை, புத்தி சொன்னது. அது விளக்கம். பிள்ளைகள் அவதானப் பகுதியிலேயே "காரம் இருந்தது" என்று எழுதிவிடுவார்கள். விடை சரி, இடம் பிழை. புள்ளி போய்விடும். இந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்த டொச் தேவையில்லை. "நீ கண்டதைச் சொல்லு, நினைச்சதைப் பிறகு சொல்லு" என்றால் காணும். இது பள்ளிக்கூடத்துக்கு மட்டும் உதவுகிற பழக்கமும் இல்லை. ஊர்க்கதை கதைக்கிற பெரியவர்களுக்கும் நல்லது.

அளவெடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். அளவுச்சாடியில் தண்ணீரின் மேல்மட்டம் நடுவில் பள்ளமாக, பிறை போல வளைந்திருக்கும். அதைப் பிறையுரு என்று படித்திருக்கிறோம். சாடியைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைவின் அடியை வாசிக்க வேண்டும். மேலே நின்று குனிந்து பார்த்தால் அளவு பிழைக்கும்.

கேள்வியில் நிற்கிற வினைச்சொல்

பரீட்சைத் தாளில் பிள்ளை தடுக்கி விழுகிற இன்னொரு இடம், கேள்வியின் தொடக்கத்தில் நிற்கிற வினைச்சொல். நென்னெ என்றால் பெயரை மட்டும் சொல், ஒரு சொல் போதும். பெஷ்றைபெ என்றால் எப்படி இருந்தது, என்ன நடந்தது என்று விபரி. ஏர்க்ளேறெ என்றால் ஏன் நடந்தது என்று விளக்கு. பெக்ருண்டெ என்றால் உன் முடிவுக்குக் காரணம் காட்டு. ஃபெர்க்லைஹெ என்றால் ஒப்பிடு, அதாவது ஒற்றுமையையும் எழுது, வேற்றுமையையும் எழுது. நென்னெ என்ற கேள்விக்கு அரைப் பக்கம் எழுதி நேரத்தை விடுகிற பிள்ளையும், ஏர்க்ளேறெ என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடை எழுதுகிற பிள்ளையும் எங்களிடம் உண்டு. இரண்டு பேருக்கும் விஞ்ஞானம் தெரியும். கேட்டது என்னவென்றுதான் விளங்கவில்லை. இந்த ஐந்து சொற்களையும் தமிழ்ப் பொருளோடு எழுதிப் பிள்ளையின் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

தமிழ்ச் சொல்லை விடலாமோ?

"இஞ்சை டொச்சிலைதானே சோதினை, பிறகேன் தமிழ்ச் சொல்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இடையில் வந்து சேர்ந்த பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் ஒரு பாலம். நுணுக்குக்காட்டி என்று தெரிந்த பிள்ளைக்கு மிக்றோஸ்கோப் என்பது ஒரு புதுப் பெயர் மட்டுமே. தெரியாத பிள்ளைக்கு அது புதுப் பொருள், புதுப் பெயர் என்று இரண்டு சுமை. இங்கே பிறந்த பிள்ளைக்கோ, தமிழ்ச் சொல் தாயோடும் தகப்பனோடும் படிப்பைப் பற்றிக் கதைக்கிற வழி.

தமிழ்நாட்டுப் புத்தகங்களை வாங்கிப் படிப்பிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கட ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. எங்கட நுணுக்குக்காட்டி அங்கே நுண்ணோக்கி. எங்கட ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். இரண்டும் சரி. எது சரி என்று பிள்ளைக்கு முன்னால் சண்டை பிடிக்காமல், இரண்டும் ஒரே பொருள்தான் என்று சொல்லிவிடுங்கள்.

சில டொச்ப் பெயர்கள் விஞ்ஞானத்தின் கதையையே தமக்குள் வைத்திருக்கின்றன. ஐதரசனுக்கு இங்கே வாஸர்ஷ்டொஃப், தண்ணீர்ப் பொருள். நைதரசனுக்கு ஷ்டிக்ஷ்டொஃப், மூச்சடைக்கிற பொருள். ஒட்சிசனுக்கு ஸவுஅர்ஷ்டொஃப், புளிப்புப் பொருள். அமிலம் எல்லாவற்றிலும் ஒட்சிசன் இருக்கிறது என்று லவோய்சியர் நம்பியதால் வந்த பெயர் அது. ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பது பின்னர் தெரிய வந்தது. கருதுகோள் விழுந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய விஞ்ஞானியின் கருதுகோளே விழலாம் என்றால், எங்கட பிள்ளையின் கருதுகோள் விழுந்தால் என்ன?

என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு கொப்பி. மூன்று நிரல். முதலாவதில் பொருளின் படம், பிள்ளை தன் கையால் கீறியது. இரண்டாவதில் டெர், டீ, டாஸோடு டொச்ப் பெயர். மூன்றாவதில் தமிழ்ப் பெயர். நாளுக்கு மூன்று சொல் காணும்.

இரண்டாவது, பாடசாலைக்குப் போய் ஆசிரியரைக் கண்டு கதையுங்கள். "பிள்ளை இதை ஊரில் தமிழில் படித்தது, சொற்கள்தான் புதிது" என்று சொல்லுங்கள். அடுத்த பாடத்துக்கான கருவிப் பெயர்களை முன்கூட்டியே தர முடியுமா, அகராதி பாவிக்க விட முடியுமா என்று கேளுங்கள். மொழி வராவிட்டால் சங்கத்தில் சொல்லுங்கள், கூட வருவதற்கு ஆள் தேடலாம். பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

மூன்றாவது, சனி ஞாயிறில் ஒரு மணித்தியாலம் குசினி ஆய்வுகூடமாகட்டும். மருத்துநீர் காய்ச்சும்போதுகூடக் கொதிக்க வைப்பது, சாறு இறங்குவது, வடிப்பது என்று பிள்ளைக்கு மூன்று பாடம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது கட்டாயம்.

நான்காவது, எங்கட வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், மருந்துக்கடையில் நிற்கிறவர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு மாலை சங்கத்துக்கு வந்து சின்னப் பிள்ளைகளோடு இருங்கள்.

இதெல்லாம் ஒரு பாடத்தின் புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. இரசாயன ஆய்வுகூட உதவியாளருக்கான அவுஸ்பில்டுங் மூன்றரை வருடம். வைத்தியரின் உதவியாளராகப் பயில்வது மூன்று வருடம். பல்கலைக்கழகம் போகாமலே நல்ல தொழில், நிலையான வருமானம் தருகிற வழிகள் இவை. அந்த வாசலில் நிற்கிறவர் கேட்பது இந்தச் சொற்களையும் இந்த முறையையும்தான். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது கைவசம் இருந்த படிப்புக்கு இங்கே பெயர் இல்லாமல் போனது. எத்தனையோ ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கோப்பை கழுவினார்கள். அந்த வேலையில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பெயர் தெரியாத காரணத்தால் தெரிந்த படிப்பை இழக்கிற நிலை எங்கட பிள்ளைகளுக்கும் வரக்கூடாது.

பிறக்கின்ற புத்தாண்டில் உங்கள் வீடுகளில் பொங்கலும் பொங்கட்டும், பெஹர்கிளாசில் தண்ணீரும் கொதிக்கட்டும். எல்லோருக்கும் என் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.